பழைய சாமானில் பீட்சா அடுப்புக் கருவிகள்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இப்போது பின்கட்டில் பிராய் (தணலில் இறைச்சி சுடுவது) போடும் இடத்தை ஒட்டி ஒரு பீட்சா அடுப்பும் எழும்பிவிடுகிறது. செங்கல்லும் சிமெண்டும் வாங்கியதோடு கைக்காசு தீர்ந்துவிடும். அதன் பிறகுதான் துடுப்பு, சுரண்டி, துடைப்பம் ஞாபகம் வரும். தகரப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்று கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். வந்ததில் சில இங்கே; அடைப்புக்குள் கேட்டவரின் ஊர்.

அண்ணா, பீட்சாவை உள்ளே தள்ள மரத் துடுப்பு நல்லதா, அலுமினியமா? வீட்டில் பழைய கட்டில் பலகை ஒன்று கிடக்கிறது. (ஃபீனிக்ஸ்)

இரண்டும் வேண்டும் தம்பி. தள்ளுவதற்கு மரம், திருப்பவும் எடுக்கவும் உலோகம். மாவைத் தகடு மேல் வைத்துத் தக்காளியும் சீஸும் போட்டுக்கொண்டிருந்தால் அடியில் வேர்த்து ஒட்டிக்கொள்ளும். மரம் அந்த ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

கட்டில் பலகை முழு மரம்தானா என்று அறுத்த முனையைப் பாருங்கள். ரேகை ஓடினால் மரம். தூளை ஒட்டி அழுத்திய சூப்பாவுட் என்றால் விட்டுவிடுங்கள், அதில் பாதி பசைதான். வார்னிஷ் இருந்தால் வெறும் மரம் தெரியும்வரை இழைக்க வேண்டும். 30 செ.மீ. பீட்சாவுக்கு 32 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனம் போதும். முன்பக்கம் 10 செ.மீ. தூரத்துக்கு மேற்புறத்தை மட்டும் இழைப்புளியால் சீவிக்கொண்டே வாருங்கள். நுனி 3 மி.மீ.க்கு வரவேண்டும், தோசைத் திருப்பி மாதிரி. அடிப்புறத்தைத் தொடாதீர்கள், அது தரையோடு படிந்து நிற்க வேண்டும். கடைசியில் உப்புத்தாள் போட்டுக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். விரலில் சிராய் குத்தும் இடத்தில்தான் மாவும் மாட்டும்.

மேலே எண்ணெய் பூசாமல் விடுவதே என் கட்சி. பூசியே தீருவேன் என்றால் சாப்பிடுகிற ஆளிவிதை எண்ணெய். ஹார்ட்வேர் கடையில் டின்னில் வரும் 'பாயில்டு' ரகத்தில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்பு கலந்திருப்பார்கள். அது சாப்பாட்டுச் சாமானுக்கு ஆகாது. தள்ளும்முன் மைதாவுக்குப் பதில் மீலி மீலை, அதாவது மக்காச்சோள மாவை, மெல்லத் தூவுங்கள். அதன் பருக்கை மேல் மாவு உருண்டு போகும். ரவையும் சரி.

மாமா, கூரையில் மிச்சமான ஜிங்க் தகரத்தில் திருப்புகிற துடுப்பு செய்யலாமா? (டோங்காட்)

கூடவே கூடாது. அதன் மேல்பூச்சு நாகம், அதாவது ஜிங்க்; 420 டிகிரியில் உருகிவிடும். அடுப்புத் தரையே 400ஐத் தொடும், மேலே சுவாலை அதைவிடச் சூடு. பூச்சு கருகிப் புகைந்தால் அந்தப் புகையை இழுத்தவருக்கு ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டிங் வேலைக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார். அதன் மேல் சாப்பாட்டை வைக்கவா?

உடைத்துப் போட்ட வீட்டிலிருந்து பழைய எவர்சில்வர் சிங்க் கிடைக்குமா பாருங்கள். பாத்திரம் கவிழ்க்கிற பலகைப் பக்கத்தில் வரி இல்லாத தட்டையான துண்டு இருக்கும். அதிலிருந்து 20 செ.மீ. வட்டம் வெட்டி, பிடி வரும் பக்கம் மட்டும் இரு ஓரத்தையும் ஒரு விரல் அகலம் மடித்தால் வளையாமல் நிற்கும். மற்ற ஓரமெல்லாம் அரத்தால் மழுக்குங்கள்.

சிங்க் எவர்சில்வரில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ஜிங்க் தகரத்தில் பிடித்து இழுக்கும். சில மலிவு எவர்சில்வரிலும் காந்தம் ஒட்டும் என்பதால், ஒட்டினால் உடனே தூக்கி எறியாமல் மேலே பூச்சு இருக்கிறதா என்று ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள்.

ரிவெட் தலை அடியில் துருத்தக் கூடாது, செங்கல்லில் இடறும். பிடியின் நீளம் அடுப்பின் ஆழமும் மேலே ஒரு முழமும். அலுமினியத் தட்டு என்றாலும் ஆகும்; ஆனால் உள்ளே வைத்துவிட்டுப் பேச்சில் இறங்கினால் இளகி வளைந்துவிடும்.

தரையைத் துடைக்கக் கம்பிப் பிரஷ் போதாதா? (லெனேசியா)

பழைய பிரஷ்ஷிலிருந்து கம்பி உதிரும். பீட்சா அடியில் ஒட்டி வந்தால் தொண்டையில் குத்தும், ஆஸ்பத்திரியில்தான் எடுக்க வேண்டியிருக்கும். கம்பின் நுனியில் பருத்திச் சாக்கைச் சுற்றி, ஈரம் பண்ணி, நன்றாகப் பிழிந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். தண்ணீர் சொட்டினால் செங்கல் வெடிப்பு விடும்.

சாக்கில் ஒரு எச்சரிக்கை: இப்போது வரும் அரிசி, மீலி மீல் சாக்கெல்லாம் அநேகமாகப் பிளாஸ்டிக் நெசவு. ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டுங்கள். சாம்பலானால் பருத்தியோ சணலோ. உருண்டு கறுப்பு மணியானால் பிளாஸ்டிக். ஜூலுப் பெண்கள் சந்தையில் விற்கும் புல் துடைப்பத்தை, அதுதான் உம்ஷனேலோ, தண்ணீரில் தோய்த்தும் கூட்டலாம்.

சாம்பல் வாரவும் ஊதாங்குழலுக்கும் ஏதாவது? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பிடி உடைந்த களைக்கொத்தி, பெயிண்டைச் சுரண்டிவிட்டு இரும்புக் குழாய் மாட்டினால் வேலை முடிந்தது. குழலுக்கு கீசர் மாற்றும்போது கழற்றிய 15 மி.மீ. செப்புக் குழாய், ஒரு மீட்டர். நுனியைச் சுத்தியால் தட்டிச் சின்ன ஓட்டை மட்டும் விடுங்கள். ஊதுவதற்கு மட்டும்தான், வாயை எடுத்துவிட்டு மூச்சு இழுங்கள்.

44 கேலன் டிரம் ஒன்று கிடைத்தது. கிரைண்டரில் அறுத்து அடுப்புக்குக் கதவு எடுக்கப் போகிறேன், சரிதானே? (வெருலம்)

நிறுத்துங்கள். அதில் முன்னால் என்ன இருந்தது? பெட்ரோலோ தின்னரோ இருந்த டிரம் காலியானாலும் உள்ளே ஆவி நிற்கும். கிரைண்டர் பொறி பட்டால் குண்டுதான். வெறுமனே கழுவினால் தீராது. கதவுக்காக இந்த வம்பு எதற்கு? பூச்சில்லாத 3 மி.மீ. தகட்டுத் துண்டு ஸ்கிராப் யார்டில் வாங்கி, மரப்பிடி போடுங்கள். பீட்சா வேகும்போது கதவு திறந்தேதான் இருக்க வேண்டும், மூடினால் நெருப்புக்குக் காற்று இல்லை. ரொட்டிக்குத்தான் மூடுவது.

புரட்டாசியில் நாங்கள் கவுச்சி தொடமாட்டோம். அதே துடுப்பைக் கழுவிப் பயன்படுத்தலாமா? (சாட்ஸ்வொர்த்)

எவர்சில்வரைத் தணலில் பழுக்கக் காட்டித் துடைத்தால் எனக்கு ஒப்பு. மரத்தில் கோழிக்கொழுப்பு ஊறியிருக்கும் அம்மா, எத்தனை கழுவினாலும் வாசம் போகாது. கட்டில் பலகை மிச்சமிருக்குமே, இன்னொன்று செய்து பூஜை அலமாரிப் பக்கம் தனியாக மாட்டிவிடுங்கள்.

சார், தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறு மாசம்தான். பேலட் கட்டையை எரிக்கலாமா? (மிட்ராண்ட்)

முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எண்ணெய் சிந்தாமலிருந்தால் எரிக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். முத்திரையே இல்லையென்றாலும் வேண்டாம். வேலிக்கம்பம் பச்சை சாயலடித்தால் ஆர்செனிக் மருந்து ஏற்றியது, சாம்பல்கூட விஷம். இந்த ஊர் மரத்தில் தம்போட்டி என்று ஒன்று உண்டு, வாசனையாகவே இருக்கும். அதன் புகை பட்ட சாப்பாடு வயிற்றைப் பிடுங்கிவிடும். பிளாக் வாட்டிலோ புளூ கம்மோ நன்றாகக் காய்ந்ததாக வாங்கிக்கொள்ளுங்கள்.