எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையர்: 2016ஆ, 2018ஆ?

எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையர் யார், ஆண்டு 2016ஆ 2018ஆ என்று மகளின் பாடசாலை ஒப்படைக்காகக் கேட்டிருந்தீர்கள். 2016 என்றே எழுதச் சொல்லுங்கள். விடை ஜயந்தி குரு உதும்பால. 2016 மே 21இல் உச்சியைத் தொட்டார். நீங்கள் பார்த்த 2018 என்பது ஜொஹான் பீரிஸ் ஏறிய ஆண்டு, அவர் இரண்டாமவர்.

குழப்பம் வந்ததற்குக் காரணம் அநேகமாக இதுதான்: 2016இல் இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். ஜொஹான் சுமார் 8,400 மீற்றர் வரை ஏறி, ஒட்சிசன் சிக்கலால் திரும்ப வேண்டியதாயிற்று. உச்சிக்கு இன்னும் 400 மீற்றர் சொச்சம்தான். ஆனால் அந்த உயரத்தில் அது பல மணி நேர ஏற்றம். அந்த இடத்தில் திரும்ப முடிவெடுப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும் என்பது என் எண்ணம். 2018 மே மாதம் மறுபடி போய் ஏறி முடித்தார். இருவர் படமும் சேர்ந்தே வருவதால் ஆண்டுகள் மாறிவிடுகின்றன.

உறுதிப்படுத்த வேண்டுமென்றால் கொழும்பு பொது நூலகத்தில் 2016 மே 22, 23 நாளிதழ்களைக் கேட்டுப் பாருங்கள். செய்தியில் ‘முதல் இலங்கையர்’ என்று இருக்கிறதா, வெறுமனே ‘இலங்கையர்’ என்று இருக்கிறதா என்று கவனியுங்கள்.

அப்புறம், உயரத்தையும் எழுதுவதாக இருந்தால் கவனம். பழைய புத்தகங்களில் 8,848 மீற்றர். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86. ஆசிரியர் எதை ஏற்பார் என்று முதலே கேட்டுவிடுங்கள்.