போக 10 மணி நேரம், வர 12 மணி நேரம்

கேள்வி: டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போக 10 மணி நேரம், திரும்பி வர கிட்டத்தட்ட 12 மணி நேரம் என்று டிக்கெட்டில் இருக்கிறது. தூரம் ஒன்றுதானே?

பதில்: தூரம் ஒன்றேதான், சுமார் 8,800 கி.மீ. வித்தியாசம் காற்றால் வருவது. விமானம் பறக்கிற பத்துப் பதினொரு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். (வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் 1920களிலேயே பலூன் பறக்கவிட்டு இதை அளந்து, எல்லா நாட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட மொழியில் வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு என்பதால் வெளிநாடுகளில் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கும்.)

விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போவது பசிபிக் கடல் வழியாகக் கிழக்கே, அதாவது காற்றோடு; வருவது காற்றை எதிர்த்து. வழிநெடுக சராசரியாக 100 கி.மீ. காற்று முதுகில் தள்ளினால் 1,000, முகத்தில் அடித்தால் 800. அதே 8,800ஐ வகுத்துப் பாருங்கள், போக ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, வர 11 மணி நேரம். கேட்டிலிருந்து நகர்வது, ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் டிக்கெட்டில் உள்ள நேரம் வந்துவிடும். அதனால் தூரத்தை வேகத்தால் வகுத்து இணையத்தில் காட்டுகிற நேரத்தை நம்பி அடுத்த விமானத்தைப் பதிவு செய்யாதீர்கள்.

கேள்வி: இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கும்போது, வரைபடத்தில் பாதை மட்டும் ஏன் வடக்கே வளைகிறது?

பதில்: ஒரு பூகோள உருண்டையும் கொஞ்சம் நூலும் எடுங்கள். இரண்டு ஊரிலும் நூலின் முனைகளை வைத்து விறைப்பாக இழுத்தால் அது தானாகவே வடக்கே நழுவி, நடுவழியில் 48 டிகிரி வரை ஏறிவிடும், அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே. அதுதான் குறுக்குவழி. 35 டிகிரியை ஒட்டியே நேர் கிழக்காகப் போனால் சுமார் 9,300 கி.மீ. ஆகிவிடும். காற்றைப் பார்த்து இந்தப் பாதையையும் தினமும் கொஞ்சம் மாற்றுவார்கள்.

கேள்வி: மாலை 5 மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை 10 மணிக்குப் போய்ச் சேருவதாகப் போட்டிருக்கிறதே, அச்சுப் பிழையா?

பதில்: பிழையே இல்லை. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் டோக்கியோவைவிட 17 மணி நேரம் பின்னால், கோடையில் 16. சரி, திரும்பும்போதுதான் கவனம் வேண்டும்: திங்கள் மதியம் 1 மணிக்கு ஏறினால் டோக்கியோவில் இறங்குவது செவ்வாய் மாலை. ஹோட்டல் அறையைச் செவ்வாய்க்குப் போடுங்கள், திங்களுக்கு அல்ல.