கெவோதான் மிருகம் உண்மையில் என்ன விலங்கு?

ஓநாய்தான், அதுவும் ஒன்றல்ல, பல என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிரான்சின் தெற்கே மலைப்பாங்கான கெவோதான் பகுதியில் 1764 முதல் 1767 வரை இந்த மிருகத்துக்கு ஏறத்தாழ நூறு பேர் பலியாயினர். அவர்களில் பெரும்பாலோர் கால்நடை மேய்க்கச் சென்ற சிறுவர் சிறுமியரும் பெண்களுமே. 1765 ஜனவரியில் ஜாக் போர்த்தஃபே என்ற சிறுவனும் தோழர்களும், கழி நுனியில் கத்தி கட்டிய ஈட்டிகளால் குத்தியே அதை விரட்டினர். பதினைந்தாம் லூயி மன்னர் அவர்களுக்குப் பரிசளித்தார். அவர் அனுப்பிய பிரான்சுவா அந்துவான் அதே ஆண்டு செப்டம்பரில் சுட்ட பெரிய ஓநாய் வெர்சாய் அரண்மனை வரை சென்று காட்சிக்கு வைக்கப்பட்டபோதிலும், டிசம்பரில் தாக்குதல்கள் மீண்டும் தொடங்கின. அரசவையோ கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டது. 1767 ஜூன் 19 அன்று உள்ளூர்க்காரரான ழான் சாஸ்தெல் சுட்ட விலங்கோடுதான் கொலைகள் நின்றன. அதன் உடலைப் பரிசோதித்து எழுதிய அறிக்கை 42 பற்களைக் குறிப்பிடுகிறது; இது நாய்க்கும் ஓநாய்க்கும் உரிய எண்ணிக்கை. கழுதைப்புலிக்கு 34 பற்களே உண்டு என்பதால், அந்த மிருகம் கழுதைப்புலிதான் என்று இன்றும் சிலர் விடாப்பிடியாகச் சொல்லும் ஊகம் அடிபட்டுப்போகிறது.