மெட்டல் டிடெக்டர் பொருத்தினால் வெடிகுண்டு ரோபோ ஆகிவிடுமா?

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு புராஜெக்டாக வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் ரோபோ செய்கிறோம். நான்கு சக்கர வண்டி, மெட்டல் டிடெக்டர், புளூடூத் கட்டுப்பாடு. இன்னும் என்ன சேர்த்தால் நிஜ ரோபோவை நெருங்கலாம்?

பதில்: முதலில் மெட்டல் டிடெக்டரைக் கழற்றி வையுங்கள். அது காட்டுவது உலோகத்தை, வெடிமருந்தை அல்ல. பைக்குள் சாவிக்கொத்து கிடந்தாலும் கத்தும். களத்தில் ரோபோவை அனுப்பும்போதே அந்தப் பையின் மேல் சந்தேகம் விழுந்திருக்கும். ஒரு மனிதர் பக்கத்தில் போகாமலே அதைப் பார்க்கவும் தொடவும் வைப்பதுதான் ரோபோவின் வேலை. 1972-இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவம் இறக்கிய 'வீல்பாரோ' ரோபோ தொடக்கத்தில் செய்ததும் அதைத்தான்: சந்தேகத்துக்குரிய காரில் கொக்கியை மாட்டிவிடும், வீரர்கள் தூரத்தில் நின்று இழுப்பார்கள்.

ஆகவே உழைப்பைக் கேமராவிலும் ரோபோவின் கையிலும் போடுங்கள். ஒற்றைக் கேமராவில் ஆழம் தெரியாது. பிடிப்பான் பையைத் தொட்டுவிட்டதா, இன்னும் நாலு விரல் தள்ளி நிற்கிறதா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கையின் நுனியில் ஒன்று, பக்கவாட்டிலிருந்து பார்க்க உயரத்தில் ஒன்று என இரண்டு கேமராக்களாவது வேண்டும். படம் தாமதமாக வந்தால் அதைவிட ஆபத்து. நீங்கள் நிறுத்த நினைக்கும்போது வண்டி பையை முட்டியிருக்கும்.

அடுத்தது தொடர்பு. சின்ன புளூடூத் மாட்யூல் பத்து மீட்டர் தாண்டினாலே திணறும்; அந்தத் தூரத்தில் நிற்பவருக்குப் பாதுகாப்பே கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ரிமோட்டால் வெடிக்கவைப்பதைத் தடுக்க ஜாமர் போடுவார்கள், அது ரோபோவின் ரேடியோவையும் சேர்த்து முடக்கிவிடலாம். அதனால்தான் பல ரோபோக்களில் ஃபைபர் கேபிளும் வைக்கிறார்கள். கேபிள் சுருளை ரோபோவின் முதுகிலேயே வைத்தால், போகப் போகக் கேபிள் தரையில் படிந்துகொண்டே வரும். சுருள் உங்கள் பக்கம் இருந்தால் முழு நீளத்தையும் வண்டி இழுக்க வேண்டும், முதல் மூலையிலேயே சிக்கிக்கொள்ளும்.

சிக்னல் போனால் என்ன ஆகும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். மோட்டார்கள் நிற்க வேண்டும், ஆனால் பிடி தளரக் கூடாது. பிடிப்பானுக்குப் பொருத்தமான வார்ம் கியர் (திருகு போன்ற தண்டு சுழற்றும் பல்சக்கரம்) போட்டால் மின்சாரம் போனாலும் பிடித்தது பிடித்தபடியே இருக்கும். மதிப்பெண் போடுபவர்கள் கவனிப்பார்களோ இல்லையோ, இந்த ஒன்றை மட்டும் விடாதீர்கள்.

செயலிழக்கச் செய்யும் பகுதியைத் தொடவே வேண்டாம். இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் 'தக்ஷ்' ரோபோ எக்ஸ்ரேயில் உள்ளே பார்த்து, அதிவேக நீர்த்தாரையால் குண்டின் சர்க்யூட்டைச் சிதறடிக்கும். அது பயிற்சி பெற்ற படையினரின் கையில் மட்டும் இருக்க வேண்டிய கருவி. சோதனைக்குப் பட்டாசுகூட வைக்காதீர்கள். மணல் நிரப்பிய பை போதும். ஓட்டுபவரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்து, திரையை மட்டும் பார்த்து அந்தப் பையைக் குலுக்காமல் தூக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ, அங்கேதான் மாற்ற வேண்டும்.