கோரிக்கு வீடு தேடும் முன் கூட்டத்தைத் தேடுங்கள்

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் ரப்பர் போட்டிருக்கிறோம் சார். வீட்டுக்குப் பின்னால் நான்கு சிமெண்ட் தொட்டியில் மோலி, கப்பி என்ற அலங்கார மீன்கள் வளர்த்து விற்கிறேன். கோரி கெளுத்திக் குஞ்சுக்கு நல்ல விலை என்றார்கள். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் கோரி வகைகளில் பிரவுன் 2, வெள்ளை 2, பெப்பர் 2 வாங்கி விட்டேன். கூடவே ஒரு சிவப்பு வால் ஷார்க், அழுக்குத் தின்ன ஒரு சக்கர் மீன். ஒரு மாதமாகக் கோரிகள் ஃபில்டருக்குப் பின்னாலேயே கிடக்கின்றன. மீசை தேய்ந்துவிட்டது. பெப்பர் ஒன்று செத்துப்போனது. கடையில் நீல மருந்து தந்தார்கள். ஒளிந்துகொள்ள பிளாஸ்டிக் கோட்டை 450 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? வேறு நல்ல மருந்து உண்டா?

பதில்: கோட்டை வேண்டாம். மருந்தையும் நிறுத்துங்கள். நீங்கள் எழுதியதில் நோய்க்கான அடையாளம் எதையும் நான் பார்க்கவில்லை. பயம்தான் தெரிகிறது. இனி எந்த மருந்தானாலும் தாமிரம் கலந்தது கெளுத்திக்கு ஆகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எந்த வீடு வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். யாரோடு வைத்திருக்கிறோம் என்பதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கோரி தென் அமெரிக்க ஆறுகளில் கூட்டமாகத் தரையை மேய்ந்து திரியும் மீன். ஒரே இனத்தில் குறைந்தது ஆறு இருந்தால்தான் அதற்குத் தைரியம் வரும். பத்து இருந்தால் இன்னும் நல்லது. நான் முதலில் வைத்த தொட்டியிலும் இரண்டே இரண்டுதான் விட்டேன். மாதக்கணக்கில் வெளியே தலைகாட்டவில்லை. அதே இனத்தில் இன்னும் ஐந்து வாங்கி விட்ட மூன்றாம் நாள், பட்டப்பகலில் வரிசையாக முன்கண்ணாடி ஓரம் மேய்ந்தன. தொட்டி அதேதான், தண்ணீரும் அதேதான். அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

வகைக்கு இரண்டு வாங்கினால் ஜோடி சேரும் என்று விற்கிறார்களே, அது வியாபாரிக்கு வசதியான பேச்சு. கோரி ஜோடி கட்டி வாழ்வதில்லை. ‘டேங்க் கிளீனர்’ என்று ஒன்றிரண்டாகத் தள்ளிவிடுவது அதைவிட மோசம். மேல்மீன் தின்று மிச்சம் விட்டதைப் பொறுக்கியே அது பிழைக்கும் என்று நம்பி எத்தனை பேர் பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறார்கள்! விளக்கை அணைத்த பிறகு, அடியில் மூழ்கும் தீனி தனியாகப் போட வேண்டும்.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கடையில் கிடைக்கும் வெள்ளைக் கோரி பெரும்பாலும் பிரவுனின் வெளுத்த வடிவம்தான், இனம் ஒன்றே. ஆகவே உங்களிடம் ஏற்கெனவே நான்கு இருக்கிறது. பிரவுனிலேயே இன்னும் ஆறு வாங்குங்கள். புதியவற்றை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். பெப்பர் குளிர்ந்த தண்ணீர் மீன். நம் ஊர் ஏப்ரல் வெக்கையில் தகரக் கூரைக்குக் கீழே அது தாங்காது. மிச்சமிருப்பதை, அதே வகையைக் கூட்டமாக வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சிவப்பு வால் ஷார்க்கை இன்றைக்கே எடுங்கள். பெயர்தான் ஷார்க், அது கெண்டைக் குடும்பம். தரை முழுக்க எனக்கே என்று விரட்டும். கோரி ஃபில்டருக்குப் பின்னால் கிடப்பதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கும். சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும், தின்னும் அழுக்கைவிடப் போடும் அழுக்கு அதிகம். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். தயவுசெய்து குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல நீர்நிலைகளில் பெருகி, மீன்பிடிப்பவர்கள் வலையைக் கிழித்துக்கொண்டிருப்பது இப்படித் தொட்டியிலிருந்து போனதுதான்.

மீசை தேய்ந்ததற்குத் தரையைப் பாருங்கள். கலர் கல் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோரி மணலை வாயில் அள்ளி, தீனியை எடுத்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியே விடும். கல்லில் அது முடியாது. கல் இடுக்கில் தீனி அழுகி, அந்த அழுக்கே மீசையை அரிக்கும். எம்-சாண்ட் வேண்டாம், உடைத்த கல் என்பதால் முனை கூர்மை. கடற்கரை மணலும் வேண்டாம். அதில் கிளிஞ்சல் கலந்திருக்கும், சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் கடினமாகும். கன்னியாகுமரிக் கடையில் வாங்கிய சங்கு, சிப்பி உள்ளே கிடந்தாலும் எடுத்துவிடுங்கள். வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிய ஆற்றுமணல் ஒரு சட்டி போதும். சலித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி ஒன்றரை அங்குலம் பரப்புங்கள். மீசையின் அடிக்கட்டை மிச்சமிருந்தால் மெல்ல வளர்ந்துவிடும்.

மீனை மாற்றும்போது வலை போடாதீர்கள். கெளுத்தி முள் வலையில் மாட்டினால் மீனும் போகும், உங்கள் விரலும் வீங்கும். டப்பாவால் அள்ளி எடுங்கள்.

இப்போது வீடு. தென்னை நிற்கிற ஊரில் 450 ரூபாய் கொடுத்துப் பிளாஸ்டிக் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு சிரட்டை எடுங்கள். நாரையும் ஒட்டியிருக்கும் தேங்காயையும் சுத்தமாகச் சுரண்டி வேகவைத்து, ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவிடுங்கள். எதிரெதிரே இரண்டு வாசல் அறுத்து, விளிம்பை அரத்தால் ராவிக் கவிழ்த்துவையுங்கள். வாசல் இரண்டு விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது. குறுகலாக இருந்தால் முள்ளை விரித்துக்கொண்டு மாட்டிக்கொள்ளும். பழைய ஓட்டுத் துண்டும் ஆகும். ஒளிய நான்கைந்து இடம் இருந்தால் மீன் ஒளிவது குறையும், ஓடினால் புகலிடம் உண்டு என்று தெரிந்த மீன்தான் வெளியே வரும்.

குஞ்சு வேண்டுமென்றால், ஒரு பெட்டைக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் இருக்கட்டும். மேலிருந்து பார்த்தால் பெட்டை அகலமாகத் தெரியும். நமக்கு ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மழை இறங்கிய நாளில் தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, சற்றே குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். முட்டை கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அன்றைக்கே விரலால் மெல்ல உருட்டி எடுத்து, காற்றுக்கல் போட்ட வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தாய் மீன்களே தின்றுவிடும்.