ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் பைக்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, 411 சிசி இருந்தும் 24.5 குதிரைத்திறன்தானே வருது. ஏன் இவ்வளவு கம்மி?

பதில்: தம்பி, அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து எடை போடாதீங்க. 2016-ல் வந்த அந்த இன்ஜினில் பிஸ்டனின் விட்டம் 78 மி.மீ., அது ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 86 மி.மீ. இப்படி ஸ்ட்ரோக் நீளமான இன்ஜினை அதிவேகமாகச் சுழல விட முடியாது. ஆனால் 32 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை, 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) சுற்றுவட்டாரத்திலேயே கைக்கு வந்துவிடும். உருளைக்கல் ஏற்றத்தில் முதல் கியரில் கிளட்சை முழுசாக விட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஏறிப் பாருங்கள். திணறாமல் இழுக்கும். முறுக்கினால்தான் சக்தி என்கிற இன்ஜினாக இருந்தால், அங்கே பின் டயர் சும்மா சுழன்று கல்லை வாரி இறைத்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: முன் சக்கரம் 21 இன்ச், பின் சக்கரம் 17. எதற்கு?

பதில்: ஒரு செங்கல் மேல் சைக்கிளை ஏற்றுங்கள், அப்புறம் குழந்தையின் மூன்று சக்கர வண்டியை ஏற்றுங்கள். பெரிய சக்கரம் உருண்டு தாண்டும், சின்னது முட்டி நிற்கும். பின்பக்கமும் 21 போட்டால் சீட் எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

கேள்வி: சேஸிஸ், அதாவது வண்டியின் சட்டகம், வெளிநாட்டு வேலையா?

பதில்: வடிவமைத்தது இங்கிலாந்தின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ். வண்டி உருவாவது சென்னைக்குப் பக்கத்தில்தான். ராயல் என்ஃபீல்டில் மோனோஷாக் (பின்சக்கரத்துக்கு ஒற்றை ஷாக் அப்சார்பர்) முதலில் வந்ததும் இதில்தான்.

கேள்வி: என்னுடையது 2016 மாடல். லடாக் கணவாயில் கறுப்புப் புகை விட்டு இழுக்காமல் நின்றது. மெக்கானிக் பழுதே இல்லை என்கிறார்.

பதில்: அவர் சொல்வது சரி. 5,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கிட்டத்தட்ட பாதிதான். இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் உங்கள் கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட பெட்ரோலையே மேலேயும் விடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருக்கும். 2017-ல் வந்த ஃபியூல் இன்ஜெக்‌ஷன் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இருந்தாலும் அதிலும் இழுவை குறையத்தான் செய்யும், காற்றே பாதி என்றால் என்ன செய்ய?

கேள்வி: புது ஹிமாலயன் 450 எடுக்கலாமா அண்ணா?

பதில்: 2023-ல் வந்த இது வேறு குணம். 452 சிசி, ரேடியேட்டர், ஆறு கியர், 8,000 ஆர்பிஎம்மில் 40 குதிரைத்திறன். விட்டம் 84, ஸ்ட்ரோக் 81.5 மி.மீ. என்று கணக்கே தலைகீழாகிவிட்டது. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். மெதுவாக ஊர்ந்து ஏறும் சுகத்துக்கு எனக்கு இன்னும் 411-தான். சீட் 800-லிருந்து 825 மி.மீ. ஆகிவிட்டது, வாங்கும் முன் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள்.