சிறார் இல்லங்களின் மேல் யாருக்குக் கண் இருக்கிறது? பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவிலிருந்தும் பக்கத்திலிருந்தும் வந்த கேள்விகளும் பதில்களும்

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். 18 வயது நிரம்பாதவர்கள் மேல் வரும் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் மூன்று வருடம் சமூகப்பணியாளர் உறுப்பினராக இருந்தேன். எல்லையின் இரண்டு பக்கமும் இல்லங்களுக்குப் போய் வந்தவள். கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து: அக்கா, அண்ணன் மகனுக்கு 16 வயது. பொள்ளாச்சியில் பைக் திருட்டு என்று பிடித்து, அந்தப் பக்கமே இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேரளம். இங்கே கொண்டுவர வழி உண்டா?

உண்டு தம்பி, ஆனால் வழக்கு விசாரணை முடிந்த பிறகுதான். முதலில் ஜாமீன் மனு போட்டாச்சா என்று பாருங்கள். சிறார் நீதிச் சட்டம் 2015இல் 12ஆம் பிரிவுப்படி ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம், மறுத்தால் குழுமம் காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். சம்பவம் பொள்ளாச்சியில் என்பதால் வழக்கு கோவை மாவட்டக் குழுமத்தில் தொடங்கும். அங்கே விசாரணை முடிந்து இறுதி உத்தரவு போட்ட பிறகு, பையனுக்கு நல்லது என்று பட்டால், சொந்த மாவட்டக் குழுமத்தைக் கலந்துகொண்டு அதனிடம் மாற்ற 95ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. மாற்றும் உத்தரவு வந்த 15 நாளுக்குள் சிறார் காவல் பிரிவு கூட்டிக்கொண்டு வர வேண்டும். பள்ளிச் சான்று, ரேஷன் கார்டு, வீட்டு முகவரி எல்லாவற்றையும் மனுவோடு வையுங்கள். கேட்காமல் யாரும் தானாக மாற்றித் தர மாட்டார்கள்.

கோபாலபுரத்திலிருந்து: உள்ளே அடிக்கிறார்கள் என்று பையன் சொல்கிறான். இந்த இல்லங்களை யாராவது வந்து பார்க்கிறார்களா, இல்லை பெயருக்குத்தானா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். சட்டத்தைப் படித்தால் கண்காணிக்க ஆள் குறைவில்லை. குழுமம் மாதம் ஒரு முறையாவது நேரில் போக வேண்டும். 54ஆம் பிரிவின்படி ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும், குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கட்டாயம். ஒரு வாரத்துக்குள் அறிக்கை கலெக்டருக்குப் போக வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். இதெல்லாம் போக, மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியாக இருக்கிறது.

நான் போன ஒரு இல்லத்தில், எந்த ஊர் என்று சொல்லவில்லை, நாங்கள் வரும் தேதி முன்கூட்டியே தெரிந்திருந்தது. கொடியில் இருபது துண்டு வரிசையாகக் காய்ந்தது, எல்லாவற்றிலும் கடை மடிப்பு அப்படியே, ஒன்றில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஆபீஸ் அறையில் பையன்களைக் கூப்பிட்டு "குறை உண்டா" என்று கேட்டால் "இல்லீங்க மேடம்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தனியாக நின்ற ஒருவனிடம், "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட" என்று மட்டும் கேட்டேன். அங்கிருந்துதான் எல்லாம் வந்தது. குழந்தைகள் எழுதிப் போடும் ஆலோசனைப் பெட்டியின் சாவி கண்காணிப்பாளரின் சாவிக்கொத்திலேயே தொங்கியது. அது அவரிடம் இருக்கவே கூடாது. வாரம் ஒரு முறை குழந்தைகள் முன்னால் வெளி ஆள் திறக்க வேண்டிய பெட்டி அது. இப்போதும் எந்த இல்லத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது அந்தச் சாவி யாரிடம் என்றுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: பையன் என்றைக்கு, யார், எதனால் அடித்தார் என்று சொன்னதை அப்படியே தேதி போட்டு எழுதுங்கள். உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். குழுமத்துக்கும் கலெக்டருக்கும் எழுத்துப் புகார் கொடுத்து, மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். இல்லத்தின் ஊழியரே கொடுமை செய்தால் 75ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. பொறுத்துப் போகாதீர்கள். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் (வழக்கு நடக்கும்போது சிறாரை வைக்கும் இடம்) 17 வயதுப் பையன் செத்தே போனான், ஊழியர்கள் கைதானார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டு, இல்லங்களை எப்படித் திருத்துவது என்று அறிக்கை வாங்கியது. ஒரு பிள்ளை போன பிறகு வரும் அறிக்கை, நினைத்தாலே வயிறு எரிகிறது.

வாளையாரிலிருந்து: ஆய்வு நடந்ததா என்று நமக்கு எப்படித் தெரியும்?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாயில் கேளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் 54ஆம் பிரிவின்படி எந்தெந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, யார் யார் போனார்கள், அறிக்கையின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று மூன்றே கேள்வி. குழந்தைகளின் பெயரைக் கேட்காதீர்கள், அதைக் காட்டியே மறுப்பார்கள்.

எங்கள் பிள்ளைக்குத் தமிழ்தான் வரும், பாலக்காட்டில் எல்லாம் மலையாளத்தில் நடக்கிறது. கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள்.

எனக்கு ரொம்ப நெருக்கமான கேள்வி. நம் பிள்ளைகள் மலையாளம் புரிகிற மாதிரி தலையாட்டிவிடும், பயத்தில். விசாரணை மொழி குழந்தைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது குழுமத்தின் கடமை, 8ஆம் பிரிவிலேயே இருக்கிறது. முதல் நாளே "பையனுக்குத் தமிழ்தான்" என்று எழுதிக் கொடுங்கள். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதிப் பதில் பெற இடம் தருகிறது, அதனால் புகாரைத் தமிழிலேயே கொடுக்கத் தயங்க வேண்டாம்.

பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பார்க்கும் குழந்தைகள் நலக்குழுவே சரியாக நடக்கவில்லை என்றால்?

கலெக்டரிடம் போகலாம். 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறை. நலக்குழுவின் வேலையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர் பரிசீலிக்க வேண்டும், குழந்தையோ குழந்தையைச் சேர்ந்தவரோ புகார் கொடுத்தால் விசாரித்து உத்தரவு போட வேண்டும். ஏற்கெனவே ஆயிரம் வேலை இருப்பவரிடம் இதையும் சேர்த்துக் கொடுத்தது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனாலும் நம் கையில் ஒரு முகவரி கிடைத்திருக்கிறது.

பக்கத்து ஊரில் ஒருவர் பதிவே இல்லாமல் பிள்ளைகளை வைத்து இல்லம் நடத்துகிறார்.

பதிவு கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு வருடம் வரை சிறை அல்லது குறைந்தது ஒரு லட்சம் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுதுங்கள். நல்ல மனிதர், சோறு போடுகிறார் என்பதெல்லாம் பதிவுக்கு மாற்று ஆகாது.

வழக்கு ஒரு வருடமாக இழுக்கிறது.

பையனைக் குழுமத்தின் முன்னால் முதலில் நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும், நீட்டித்தால் இன்னும் இரண்டு. சிறு குற்றம் என்றால் அதற்கும் மேல் இழுத்தால் வழக்கே முடிந்துபோகும், வக்கீலைக் கேளுங்கள். வக்கீல் இல்லையென்றால் சட்ட உதவி மையம் இலவசமாகத் தரும்.

பையன் போட்டோ ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது.

74ஆம் பிரிவில் குற்றம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு, அட்மினிடம் உடனே அழிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் ஸ்டேஷன்.

மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு பாட்டி, பேத்தி எழுதி அனுப்பியது: பேரனைப் பார்க்கப் போகும்போது என்னம்மா கேட்கணும்?

சாப்பாடு, தூக்கம், உடம்பு, இந்த மூன்றையும் கேளுங்க அம்மா. முழங்கைக்கு மேலே சட்டையை ஒரு தடவை தூக்கிப் பாருங்க. அங்கே கேமரா இருக்கிறதா, டாக்டர் கடைசியாக எப்போது வந்தார் என்று கேளுங்க. பஸ்ஸில் திரும்பும்போதே பேத்தியிடம் சொல்லித் தேதியோடு எழுதி வைத்துவிடுங்க. அடுத்த முறை போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்க, அவர்கள் பார்க்கும்படி.